'தண்டனை' என்னும் சொல்லும் பதவி இழப்பும்

2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ஓர் அவதூறு வழக்கில் ராகுல் காந்தியைக் குற்றவாளி எனக் கண்டு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்துகொள்ளும் பொருட்டு, அத்தண்டனையை அந்நீதிமன்றமே முப்பது நாள்களுக்கு நிறுத்திவைத்துப் பிணையும் வழங்கியது. ஆயினும் மறுநாளே அவர் மக்களவை உறுப்பினர் பதவியை இழந்ததாக மக்களவைச் செயலகம் அறிவித்தது. தண்டனைதான் நிறுத்தப்பட்டுவிட்டதே, பின் பதவி எவ்வாறு போயிற்று என்னும் ஐயம் செய்தியைத் தமிழில் படித்தவர் பலருக்கு எழுந்தது. சட்ட அறிவு போதாமையால் எழுந்த ஐயம் என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. நாம் வழங்கும் சொல்லிலேயே அந்த ஐயத்திற்கான வித்து உள்ளது. கடுங்குற்றம் புரிந்ததாகத் தீர்ப்புப் பெற்ற அரசியலாளர் பதவியில் தொடரலாமா என்னும் வினாவிற்கு இந்தியச் சட்டம் கண்ட விடையின் வரலாற்றை, அவ்விடையைத் தமிழில் சொல்லும்போது நேரும் இடர்ப்பாட்டுடன் சேர்த்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றவழக்கின் முடிவில் நீதிமன்றம் இரண்டு செயல்களைச் செய்கிறது. ஒருவர் குற்றம் புரிந்தார் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு கூறுவது முதற்செயல். அக்குற்றத்திற்கு இன்ன அளவில் சிறை, இன்ன அளவில் பணம் என்று விதிப்பது இரண்டாவது. சட்டத் தமிழ் முன்னதைக் 'குற்றத்தீர்ப்பு' என்றும் பின்னதைத் 'தண்டனை' என்றும் பிரித்து வழங்குகிறது. நாளிதழ்த் தமிழிலோ 'தண்டனை பெற்றவர்', 'தண்டனைக்குத் தடை', 'தண்டனை ரத்து' என ஒரே சொல் இரண்டிற்கும் ஆகிவருகிறது. இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்திச் சட்டமொழியில் 'தோஷசித்தி', 'தண்டாதேஷ்' என இருவேறு சொற்கள் உள்ளன. எனினும் இந்தி நாளிதழ்களின் தலைப்புகளில் 'சஜா' என்னும் ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் இடம்பெறுகிறது.

இவ்வேறுபாட்டின் மீது பதவிகளை நிறுத்திய சட்டம் விடுதலைக்குப் பின் தோன்றியது அன்று. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், ஈராண்டிற்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றவர் விடுதலையான நாளிலிருந்து ஐந்தாண்டுகள் கழியும்வரை சட்டமன்ற உறுப்பினராதற்குத் தகுதியற்றவர் என்றது. அக்காலத்தை ஆளுநர் தம் விருப்புரிமையால் குறைக்கலாம் என்றும் அச்சட்டத்தில் இருந்தது. சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்றோர் தேர்தலில் நின்ற காலம் அது. ஆகவே இவ்விதி யாரை மனத்திற்கொண்டு பயன்படக்கூடியது என்பதை விளக்கவேண்டியதில்லை. நமக்கு இங்கே முதன்மையானது வேறொரு வாசகம். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் குற்றத்தீர்ப்பால், அல்லது குற்றத்தீர்ப்பும் தண்டனையும் சேர்ந்து, தகுதி இழந்தால், அவர் இடம் மூன்று மாதங்கள் வரை காலியாகாது. அதற்குள் மேல்முறையீடு செய்யப்பட்டால் அது முடியும்வரை காலியாகாது. ஆனால் அக்காலத்தில் அவர் அவையில் அமரவோ வாக்களிக்கவோ கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் அது தனித்தனியே பெயர் சொல்லிக் குறித்ததையும் கருதுக.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஈராண்டு வரம்பையும் மூன்று மாத அவகாசத்தையும் ஏற்றுக்கொண்டது. பல திருத்தங்களுக்குப் பின் அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு பெற்ற வடிவில், சில குற்றங்களுக்குக் குற்றத்தீர்ப்பு ஒன்றே போதும். வேறு சிலவற்றிற்கு ஆறு மாதத்திற்குக் குறையாத சிறை வேண்டும். எஞ்சிய அனைத்திற்கும் ஈராண்டிற்குக் குறையாத சிறை வேண்டும். தகுதியின்மை விடுதலைக்குப் பின்னும் ஆறாண்டுகள் தொடரும். பதவியில் இருப்பவருக்கு அவகாசம் அளித்தது 4-ஆம் உட்பிரிவு. அமரவோ வாக்களிக்கவோ கூடாது என்னும் பழைய கட்டுப்பாடு அதில் இல்லை. அயலார் ஆட்சி இடத்தைக் காத்து வாக்கை மறுத்தது. நம் நாடாளுமன்றமோ தன் உறுப்பினருக்கு இரண்டையும் காத்துக்கொடுத்தது.

இச்சொல் வேறுபாட்டின் விலையைத் தமிழகம் 2001-இல் அறிந்தது. டான்சி நில வழக்குகளில் 2000 அக்டோபர் 9 அன்று தனி நீதிமன்றம் ஜெ. ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் மூன்றாண்டும் மற்றொன்றில் ஈராண்டும் சிறை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. குற்றத்தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தது. 2001 ஏப்ரலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளப்பட்டன. அவருடைய கட்சி வென்றது. மே 14 அன்று அவர் முதலமைச்சரானார். உறுப்பினரல்லாத ஒருவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்னும் அரசமைப்பின் 164(4) உறுப்பு அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. பி.ஆர். கபூர் வழக்கில் 2001 செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்நியமனம் செல்லாது என்றது. நிறுத்திவைக்கப்பட்டது தண்டனையை நிறைவேற்றும் செயல் மட்டுமே, குற்றத்தீர்ப்பு நிற்கிறது, ஆதலின் தகுதியின்மையும் நிற்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்கள் தேர்ந்த கட்சியின் தலைவர் என்னும் வாதம் அரசமைப்பின் முன் நில்லாது என்பதும் அதில் தெளிவாக்கப்பட்டது. பின்னர் 2001 டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று 2002 மார்ச்சில் அவர் மீண்டும் முதலமைச்சரானார்.

குற்றத்தீர்ப்பைத் தனியே நிறுத்திவைக்க இயலும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே ராமா நாரங் வழக்கில் ஏற்றிருந்தது. அவ்வழக்கு அரசியலாளர் தொடர்பானது அன்று. நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒருவர் நிறுவன நிர்வாகியாக இருப்பது பற்றியது. அங்கே பிறந்த கருத்து பின்னாளில் உறுப்பினர்களின் கடைசிப் பிடிமானமாயிற்று. 4-ஆம் உட்பிரிவு இருந்தவரை அதற்குப் பெருந்தேவை ஏற்படவில்லை. 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் அவ்வுட்பிரிவு செல்லாதென அறிவிக்கப்பட்டது. வேட்பாளருக்கு ஒரு தகுதியும் உறுப்பினருக்கு வேறொரு தகுதியும் வகுக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரமில்லை. தகுதியின்மை நேர்ந்தவுடன் இடம் காலியாகிறது என்றார்கள் நீதிபதிகள். அதனை மாற்ற அமைச்சரவை ஒப்புதலளித்த அவசரச் சட்ட வரைவை ஆளுங்கட்சித் துணைத்தலைவராயிருந்த ராகுல் காந்தியே வெளிப்படையாகக் கண்டித்தார். 2013 அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது. பத்தாண்டுக்குள் அத்தீர்ப்பு அவர்மீதே பாய்ந்தது என்பதை எழுதாத செய்தித்தாள் இல்லை. ரஷீத் மசூத், லாலு பிரசாத் ஆகியோர் 2013 அக்டோபரிலேயே இடமிழந்தனர். 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பால் ஜெயலலிதா முதலமைச்சர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் இழந்தார்.

இத்தீர்ப்பின் அடிப்படை சரியென்றே தோன்றுகிறது. பதவிக்குத் தடையாவது சிறையில் இருப்பது அன்று, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டமை. எனினும் ஓரிடர் உண்டு. ராம்பூர் உறுப்பினர் ஆசம் கான் 2022 அக்டோபர் 27 அன்று மூன்றாண்டுத் தண்டனை பெற்றார், இடம் போயிற்று, டிசம்பரில் இடைத்தேர்தல் முடிந்து வேறொருவர் அமர்ந்தார். 2023 மே மாதத்தில் மேல்முறையீட்டில் அவ்வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். இடம் திரும்பவில்லை, திரும்ப வழியுமில்லை. இடத்தைக் காத்து அமர்தலையும் வாக்கையும் மறுத்த 1935-ஆம் ஆண்டு ஏற்பாட்டை 1951-இல் முழுமையாக எடுத்துக்கொண்டிருந்தால் இவ்விடர் பெரிதும் குறைந்திருக்கும். 2013-இல் விழுந்த உட்பிரிவும் அத்தனை எளிதில் விழுந்திராது என்பது என் கருத்து.

இனி சொல்லுக்கு வருவோம். ஆட்சித் தகுதி பற்றிய தமிழ்க் கட்டுரை எதுவும் உத்திரமேரூரைத் தொடாமல் முடிவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அக்கல்வெட்டுகளை மக்களாட்சியின் சான்றாகக் காட்டுவது மிகை. நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர் மட்டும் குடவோலையில் பெயர் பெற்ற பிராமணச் சபை அது. எனினும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் பிறர் பொருள் கவர்ந்தவரையும் விலக்கியதோடு அச்சபை நிற்கவில்லை. வாரியப் பணியில் இருக்கும்போதே ஒருவரிடம் 'அபராதங் கண்டபோது' அவரை ஒழித்துவிட வேண்டும் என்றும் விதித்தது. 'அபராதம்' இங்கே குற்றம் என்னும் பொருளில் வந்துள்ளது. 'கண்டபோது' என்பது அக்குற்றம் உறுதியான நேரம். மேல்முறையீடற்ற அக்காலச் சபைமுறையை இன்றைய நீதிமன்ற முறையோடு ஒப்பிடுதல் இயலாது. ஆயினும் பதவி போகும் நொடி எது என்பதை, தண்டத்தைச் சுட்டாமல், குற்றம் காணப்படுதலைச் சுட்டியே கல்வெட்டு சொல்கிறது.

அச்சொல்லுக்குப் பின்னர் நேர்ந்த பொருள்மாற்றம் கருதத்தக்கது. இன்று தமிழில் அபராதம் என்றால் செலுத்தவேண்டிய பணம். இந்தியிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அது குற்றமாகவே நிற்க, தமிழில் மட்டும் குற்றத்தின் பெயர் குற்றத்திற்குரிய தண்டத்தின் பெயராக நகர்ந்துவிட்டது. 'தண்டனை' என்பதன் போக்கும் இதற்கு இணையானதே. ஆனால் திசை எதிர். விதிக்கப்படும் துன்பத்தைக் குறித்த சொல், அதற்கு முன் நிகழும் தீர்ப்பையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. காரணமும் விளைவும் ஒன்றன் பெயரால் மற்றொன்று வழங்கப்படுவது எம்மொழியிலும் உண்டு. ஆகுபெயர் என்று நம் இலக்கணம் அதனை அமைதி கூறி ஏற்கும். சட்டமொழிபெயர்ப்பில் அந்த அமைதிக்கு இடமில்லை.

'தண்டனை' என்னும் வழக்கு முற்றிலும் பிழை என்று தள்ளவும் இயலவில்லை. ஈராண்டு வரம்புள்ள குற்றங்களில் பதவியைத் தீர்மானிக்கும் அளவுகோல் தண்டனையே. ராகுல் காந்தியின் குற்றத்தீர்ப்பை 2023 ஆகஸ்ட் 4 அன்று நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், தண்டனை ஒரு நாள் குறைந்திருந்தாலும் இத்தகுதியின்மை நேர்ந்திராது என்று சுட்டியது. அவதூறுக்கு அன்றைய சட்டத்தில் இருந்த மிகைத்தண்டனையே ஈராண்டு. மிகையளவை விதிக்கக் கீழ்நீதிமன்றம் காரணம் கூறவில்லை என்பது உச்ச நீதிமன்றம் கண்ட குறை. இங்கே தண்டனை அளவாகிறது, காரணமாவதில்லை. நிறுத்திவைத்தாலும் ஈராண்டு என்னும் அளவு ஈராண்டாகவே இருக்கும். சூரத் தீர்ப்பின் மறுநாள் எழுந்த ஐயத்திற்கு விடை இதுவே.

'தகுதி நீக்கம்' என்னும் தொடரும் ஆராயத்தக்கது. நீக்கம் என்றால் நீக்குபவர் ஒருவர் வேண்டும். 'தகுதியின்மை', 'தகுதிக்கேடு', 'பதவி இழப்பு' என்பனவற்றிற்கு அவர் வேண்டியதில்லை. லில்லி தாமஸ் தீர்ப்பின்படி இழப்பு தானே நிகழ்வது. செயலக அறிவிப்பு அதைப் பதிவு செய்வது மட்டுமே. நடைமுறையிலோ நீக்குபவர் ஒருவர் இருக்கிறார் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. ஆசம் கானின் இடம் மறுநாளே காலியென அறிவிக்கப்பட்டது. அதே அவையில், 2022 அக்டோபர் 11 அன்று ஈராண்டுத் தண்டனை பெற்ற கத்தௌலி உறுப்பினர் விக்ரம் சைனியின் இடம் காலியென அறிவிக்கப்பட நவம்பர் ஆயிற்று. லட்சத்தீவு உறுப்பினர் முகமது ஃபைசலின் குற்றத்தீர்ப்பைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 25 அன்று நிறுத்திவைத்தது. அவர் பதவி மீண்டதாக மக்களவைச் செயலகம் அறிவித்த நாள் மார்ச் 29. ஆகவே மொழிபெயர்ப்பாளர் சட்டத்தைச் சொல்லும்போது 'இழப்பு' என்றும், நடந்ததைச் சொல்லும்போது 'நீக்கம்' என்றும் எழுதினால் பிழையாகாது போலும்.

இச்சொற்சிக்கல் ஆளுநர் மாளிகைவரை சென்றதற்கு 2024 சான்று. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கீழ்நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பை மாற்றி, அமைச்சர் க. பொன்முடிக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. தண்டனை முப்பது நாள் நிறுத்திவைக்கப்பட்டும் பதவி போயிற்று. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்தது. அவரை மீண்டும் அமைச்சராக்க முதலமைச்சர் பரிந்துரைத்தபோது ஆளுநர் மறுத்தார்: குற்றத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டுள்ளதே தவிர நீக்கப்படவில்லை என்பது அவர் கூறிய காரணம். அகராதியளவில் அதில் பிழையில்லை. நிறுத்திவைத்தல் வேறு, நீக்கல் வேறு. ஆனால் குற்றத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டால் அதன் வழிவந்த தகுதியின்மை செயற்படாது என்பது உச்ச நீதிமன்றம் 2018-இல் லோக் பிரகரி வழக்கில் முடித்த செய்தி. மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. மறுநாள் பதவியேற்பு நடந்தது. இங்கே 'தண்டனை நிறுத்திவைப்பு' என்று மொழிபெயர்த்திருந்தால் இருதரப்பு வாதமும் பொருளற்றுப் போகும். தண்டனை முன்னரே நின்றுதான் இருந்தது.

இன்னொரு சொல்லும் கவனிக்கப்படவேண்டும். தமிழக நீதிமன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் 'எதிரி' எனப்படுகிறார். நாளிதழ்களோ விசாரணை தொடங்குமுன்பே அவரை 'முதல் குற்றவாளி' என எழுதுகின்றன. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் முன்வைக்கப்பட்டுக் கூட்டுக்குழுவிற்கு அனுப்பப்பட்ட 130-ஆம் அரசமைப்புத் திருத்த முன்வரைவு, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகித் தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருக்கும் அமைச்சர், முதலமைச்சர், பிரதமர் ஆகியோர் பதவியிழப்பர் என்கிறது. அங்கே குற்றத்தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. குற்றச்சாட்டும் காவலும் மட்டுமே உள்ளன. அம்முன்வரைவைத் தமிழாக்குவோர் 'குற்றவாளி' என்னும் சொல்லை ஓரிடத்தில் கை தவறி எழுதினாலும், அது எழுப்பும் வினாவிற்கு மொழிபெயர்ப்பே விடை கூறியதாகிவிடும்.