பாட்டிலுக்கு முந்தைய பாஸ்தா சாஸ்

மாலை ஏழு மணிக்கு நம் குடியிருப்பின் படிகளில் ஏறினால், ஒரு மாடியில் சாம்பார் கொதிக்கும் மணம், அடுத்த மாடியில் சப்பாத்தி, அதற்கும் மேலே எண்ணெயில் பூண்டும் தக்காளியும் வதங்கும் மணம். அந்தக் கடைசி வீட்டில் இன்று பாஸ்தா. பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது பாஸ்தா கேட்காத வீடு இப்போது குறைவு. ஆனால் பாஸ்தா என்றதும் நம்மில் பலர் முதலில் எடுப்பது கடையில் வாங்கிய சாஸ் பாட்டிலைத்தான். ஒரு வேளைச் சாம்பாரை யோசிக்காமல் வைக்கிற கைகூட, "அது இத்தாலிக்காரர்கள் பக்குவம், நமக்குச் சரியாக வராது" என்று பின்வாங்குகிறது.

இந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் உண்டா என்று வரலாற்றைப் புரட்டினால், கதை வேறு மாதிரி இருக்கிறது. பாஸ்தா சாஸ் என்பது பெரிய சமையல்காரர்கள் மட்டும் காத்து வந்த ரகசியம் அல்ல. வீட்டில் இருந்ததை வைத்து, அவசரத்துக்குச் செய்துகொண்டதுதான் அதில் பெரும்பகுதி. அதிலும் தக்காளி சாஸ், பாஸ்தாவுக்கு மிகவும் பிந்தி வந்த உறவு.

தக்காளி இல்லாத பாஸ்தா

1154-இல், சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னருக்காக அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் ஒரு நூலை எழுதி முடித்தார். பலெர்மோவுக்கு அருகில் உள்ள திராபியா என்ற ஊரில் பெருமளவில் பாஸ்தா செய்து, கப்பல்களில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் குறித்திருக்கிறார். அப்போது ஐரோப்பாவில் ஒரு தக்காளிச் செடிகூடக் கிடையாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் அது கடல் கடந்தது.

அப்படியானால் பாஸ்தாவை எதோடு சாப்பிட்டார்கள்? பெரும்பாலும் சீஸோடு. 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய 'டெக்கமெரான்' கதைகளில் ஒரு கற்பனை நாடு வருகிறது. அங்கே துருவிய பார்மசான் சீஸ் மலைபோல் குவிந்திருக்கும். அதன் மேல் நிற்பவர்கள் மக்கரோனியைக் கோழிச் சாற்றில் வேகவைத்துக் கீழே உருட்டிவிடுவார்கள். 15-ஆம் நூற்றாண்டில் மாஸ்ட்ரோ மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற சமையல்காரர் எழுதிய நூலிலும் மக்கரோனிக்குச் சொல்லப்படும் துணை சீஸ், வெண்ணெய், இனிப்பு வாசம் உள்ள மசாலாத் தூள்தான். சிசிலி மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார் அவர். "சற்றே கடிபடும் பதத்தில் எடுக்காவிட்டால் அது பாஸ்தாவே இல்லை" என்று இன்று வாதம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய தகவல் இது.

17-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் ஒரு மாற்றம் நடந்தது. மக்கள்தொகை பெருகியது, இறைச்சி எட்டாத விலைக்குப் போனது. அதே காலத்தில் மாவு பிசையும் பொறியும், மாவை அச்சில் பிழியும் பொறியும் பரவி, பாஸ்தா மலிவானது. அதுவரை கீரை தின்னிகள் என்று கேலி செய்யப்பட்ட நேப்பிள்ஸ்காரர்கள், மக்கரோனி தின்னிகள் என்று பெயர் வாங்கினார்கள். தெருவோரத்தில் பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருக்கும் மக்கரோனியை வாங்கி, சீஸைத் தூவி, தலையை அண்ணாந்து கையாலேயே சாப்பிட்டார்கள். 1787-இல் அங்கே வந்த ஜெர்மன் கவிஞர் கெதேவும், தண்ணீரில் வெந்த மக்கரோனியும் துருவிய சீஸும்தான் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். அப்போதும் தக்காளியைக் காணோம்.

சுட்ட தக்காளிச் சட்னி

ஆனால் தக்காளி இத்தாலிக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. 1548-இல் பீசா நகரில் இருந்த மெதிச்சி பிரபுவின் மாளிகைக்கு ஒரு கூடை தக்காளி வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. வந்ததே தவிர, யாரும் அதை உடனே அடுப்பில் ஏற்றவில்லை. நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். நெடுங்காலம் அது தோட்டத்து அழகுப் பொருளாகவும் அதிசயப் பொருளாகவும் இருந்தது.

அந்தச் சந்தேகம் ஸ்பானியர்களுக்குக் குறைவு. நேப்பிள்ஸ் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அங்கே ஒரு பெரிய வீட்டின் உணவு மேலாளராக இருந்த அந்தோனியோ லத்தீனி, 1692-லும் 1694-லும் இரண்டு பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார். இத்தாலியில் அச்சான முதல் தக்காளி சாஸ் செய்முறை அதில்தான் இருக்கிறது. பெயர் 'ஸ்பானிய முறை'. தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலை உரிக்க வேண்டும். பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், ஒரு வாசனை இலை, உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்துக் கலக்க வேண்டும். அவ்வளவுதான்.

படித்ததும் நமக்குச் சிரிப்பு வரும். இது நம் வீட்டுச் சுட்ட தக்காளிச் சட்னிக்குப் பக்கத்து வீடு! இதை வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் லத்தீனி சொன்னார். பாஸ்தாவில் ஊற்ற அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டும் சந்தித்த நாள்

பாஸ்தாவும் தக்காளியும் சேர இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. 1790-இல் பிரான்செஸ்கோ லியோனார்தி வெளியிட்ட நூலைத்தான் இந்தச் சேர்க்கைக்கு மிகப் பழைய அச்சுச் சான்றாகப் பொதுவாகக் காட்டுவார்கள். அடுத்து, நேப்பிள்ஸைச் சேர்ந்த இப்போலிதோ கவல்காந்தி என்ற பிரபு, 1839-இல் வந்த தன் நூலின் பதிப்பில் தக்காளி வெர்மிசெல்லி செய்முறையைத் தந்தார். அந்த நூலுக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு: வீட்டுச் சமையல் பற்றி, நேப்பிள்ஸ் மக்களின் பேச்சு மொழியில் எழுதியது. ஒரு பிரபு வீட்டுச் சமையலைத் தெருவில் பேசும் மொழியில் எழுதத் துணிந்தது சாதாரணம் அல்ல.

ஆனாலும் தக்காளி சாஸை இத்தாலியின் நடுத்தர வீடுகள் அனைத்துக்கும் கொண்டு சேர்த்த பெருமை பெல்லெக்ரீனோ அர்த்தூசிக்கே உரியது. அவர் சமையல்காரர் அல்ல, பட்டு வணிகர். 1891-இல், ஏறக்குறைய 70 வயதில், தன் சமையல் நூலைச் சொந்தச் செலவில் 1,000 பிரதிகள் அச்சிட்டார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வாசகர்கள், குறிப்பாக வீட்டில் சமைக்கும் பெண்கள், திருத்தங்களையும் புதிய செய்முறைகளையும் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அவற்றைத் தன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்து அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்த்தார். 475 செய்முறைகளோடு தொடங்கிய நூல் 790 வரை வளர்ந்தது. எழுதியவர் பெயர் ஒன்று. சமைத்த கைகள் எத்தனையோ.

தக்காளி சாஸ் பகுதியை அவர் ஒரு வேடிக்கையோடு தொடங்குகிறார். ஓர் ஊரில், எல்லார் வீட்டு விவகாரத்திலும் மூக்கை நுழைக்கும் பாதிரியார் ஒருவர் இருந்தாராம். தக்காளி எல்லாக் குழம்பிலும் இருப்பதுபோல இவரும் எங்கும் இருக்கிறார் என்று மக்கள் அவருக்குத் 'தக்காளிச் சாமியார்' என்று பெயர் வைத்தார்களாம். பிறகு செய்முறை: கால் பங்கு வெங்காயம், ஒரு பல் பூண்டு, விரல் நீளம் செலரி, கொஞ்சம் பேசில், பார்ஸ்லி, எண்ணெய், உப்பு, மிளகு, ஏழெட்டுத் தக்காளி. எல்லாவற்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றி, கூழ்போல் ஆனதும் வடிகட்ட வேண்டும். தனித்தனியாக வதக்குவதுகூட இல்லை.

பாட்டிலும் வீட்டில்தான் பிறந்தது

தக்காளி ஒரு பருவத்தில் கொட்டிக் கிடக்கும், மற்ற நாளில் இருக்காது. அதனால் தென் இத்தாலியிலும் சிசிலியிலும் தக்காளிக் கூழைப் பலகைகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து, கெட்டியான விழுதாக எடுத்து வைத்தார்கள். கண்ணாடி பாட்டில்கள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஆகஸ்ட் மாதத்தில் குடும்பமே கூடித் தக்காளியை அரைத்துப் பாட்டில்களில் நிரப்பி, பெரிய அண்டாவில் அடுக்கிக் கொதிக்க வைக்கும் வழக்கம் பரவியது. இன்றும் பல குடும்பங்கள் அதை விடவில்லை. மொட்டை மாடியில் வடாம் பிழிந்த கோடைக் காலைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைப் பாட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. பியாச்சென்சாவில் பிறந்த எத்தோரே போயார்தி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1924-இல் உணவகம் திறந்தார். சாஸ் பிடித்துப்போன வாடிக்கையாளர்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். கழுவிய பால் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தார். கேட்பவர்கள் பெருகினார்கள், 1928-இல் தொழிற்சாலை வந்தது. அமெரிக்கர்கள் வாயில் நுழைவதற்காகத் தன் பெயரையே உச்சரிப்புப்படி உடைத்து, 'செஃப் பாய்-ஆர்-டீ' என்று டப்பாவில் அச்சிட்டார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பால் பாட்டிலில் வாங்கிப்போனவருக்கு, அதைச் செய்தவர் யார் என்று தெரியும். எப்படிச் செய்வது என்று கேட்கவும் முடியும். டப்பா அலமாரிக்கு வந்தபோது அந்தப் பேச்சு நின்றது. நம் தயக்கம் பிறந்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்வதைக் கண்ணால் பார்க்காத எதுவும் கடினமாகத்தான் தெரியும்.

எது அசல்?

வீட்டில் செய்யத் தயங்குவதற்கு இன்னொரு காரணம், 'அசல்' என்ற பயம். கிரீம் நிறைந்த ஆல்ஃப்ரெடோ சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமில் ஆல்ஃப்ரெடோ தி லேலியோ என்பவர், பிள்ளை பெற்ற பின் சாப்பாடு இறங்காமல் இருந்த மனைவிக்காக வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சேர்த்துப் பாஸ்தா செய்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. அதில் கிரீம் கிடையாது. 1920-இல் தேனிலவுக்கு வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அதை ரசித்துச் சாப்பிட, புகழ் அமெரிக்காவுக்குப் பரவியது. கிரீம் அங்கே சேர்ந்தது. ஒரு கணவன் மனைவிக்குச் செய்த பத்தியச் சாப்பாடு, இன்று விருந்துப் பட்டியலில் இருக்கிறது.

முட்டை சேர்த்த கார்போனாராவோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பேச்சில் வருகிறது. 1954-இல் ஓர் இத்தாலியச் சமையல் இதழ் வெளியிட்ட செய்முறையில் பூண்டும் க்ரூயர் என்ற சுவிஸ் சீஸும் இருந்தன. இன்று அவற்றைச் சேர்த்தால் ரோம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நம் சமையலிலும் இதே கதைதான். தக்காளியும் மிளகாயும் நமக்கும் கடல் கடந்து வந்தவை. அவை இல்லாத ரசத்தை இன்று நினைக்கவே முடியவில்லை.

இன்றிரவுக்கு இரண்டு

மார்செல்லா ஹசான் என்ற இத்தாலியப் பெண்மணி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். திருமணமாகி நியூயார்க் போகும்வரை அடுப்படிப் பழக்கம் இல்லாதவர். 1973-இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கும் ஒரு சாஸ் உலகப் புகழ் பெற்றது. தோல் நீக்கி நறுக்கிய தக்காளி 2 கப், வெண்ணெய் 5 மேசைக்கரண்டி, பாதியாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் 45 நிமிடம். அவ்வப்போது மசித்துவிட்டு, கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். நம் கடைகளில் கிடைப்பவற்றில், சதைப்பற்றுள்ள நன்கு பழுத்த பெங்களூர் தக்காளி இதற்கு ஏற்றது. நாட்டுத் தக்காளியில் புளிப்பு தூக்கலாக இருக்கும்.

அந்த 45 நிமிடமும் இல்லையா? நேப்பிள்ஸ் ஏழைகளின் வழி இருக்கிறது. நால்வருக்கு 400 கிராம் ஸ்பெகட்டி வேகும் நேரத்தில், 5 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் மெல்லியதாக நறுக்கிய 6 பல் பூண்டையும் இரண்டு வரமிளகாயையும் சிறு தீயில் பொன்னிறமாக விடுங்கள். கருகினால் கசக்கும். பாஸ்தாவை வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். பாஸ்தாவை எண்ணெயில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் சாஸ் தயார்.

அடுத்த முறை படியேறும்போது பூண்டு மணம் வந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். அர்த்தூசிக்குக் கடிதம் எழுதிய பெண்கள் ஊர் ஊராகத் தபால் போட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு மாடிதான்.