நட்சத்திரங்களும் நாமும்: ஒரு குற்றாலக் கதை

போன சீசனில் ஐந்தருவிப் பக்கம் சினிமா ஷூட்டிங் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, நாங்கள் நாலு பேர் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனோம். (எங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், இது முழுக்க முழுக்கக் கற்பனை!) காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை சாரலில் நனைந்துகொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஹீரோ வந்தார். அதாவது, ஒரு குடை வந்தது. குடையைச் சுற்றி ஆறு தடியர்கள். "தள்ளு தள்ளு" என்று ஒருவர் என் நண்பனின் தோளில் கைவைத்துத் தள்ளியதில் அவன் சேற்றில் உட்கார்ந்தான். அடுத்த நிமிடம் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று எங்கள் மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நண்பன் சொன்னான்: "ஏல, ஆறு மணி நேரம் நின்னு கார் கண்ணாடியத்தான்ல பாத்திருக்கோம்."

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. பிரபலங்கள் எப்போதுமே இப்படித்தானா? இல்லை, ஒரு காலத்தில் கிட்டே போய்ப் பேச முடிந்ததா? அன்று ராத்திரி இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். பதில் தேடி சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டியிருக்கவில்லை. தென்காசியைச் சுற்றி பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தது.

முதலில் செங்கோட்டை கிட்டப்பா

1906இல் செங்கோட்டையில் பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. சின்ன வயதிலேயே அண்ணன்மாரோடு நாடக மேடை ஏறினார். 1920களில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவர் பெயரைச் சொன்னால் கொட்டகை நிறையும். இன்றைய கணக்கில் சொன்னால் சூப்பர் ஸ்டார்.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையைக் கற்பனை செய்து பாருங்கள். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்றால், அது பாடுகிறவர் தொண்டையிலிருந்து நேராக வந்தாக வேண்டும். பாட்டு பிடித்துப் போனால் கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். கதையில் அடுத்து என்ன நடக்க வேண்டுமோ அதை அப்படியே நிறுத்திவிட்டு, நடிகர் அதே பாட்டை மறுபடி பாடுவார். ராஜா செத்துக் கிடந்தாலும் எழுந்து பாடிவிட்டுத் திரும்பச் சாவார் என்று கேலி செய்வார்கள்! கேலியை விடுங்கள். ரசிகன் கேட்டால் கலைஞன் அந்த நிமிடமே பதில் தருகிறான். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் இது நடந்தது.

கிட்டப்பா 1926இல் கொழும்பில் கே.பி.சுந்தராம்பாளைச் சந்தித்தார். 1927இல் திருமணம். இருவரும் சேர்ந்து மேடையில் பாடியதைக் கேட்க ஊர் ஊராக ஜனம் திரண்டது. ஆனால் 1933 டிசம்பரில், 27 வயதிலேயே கிட்டப்பா இறந்துவிட்டார். சுந்தராம்பாள் அதன் பிறகு 1980இல் இறக்கும்வரை வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்தார்.

மிச்சம் இருப்பது இசைத்தட்டுகள். "எவரனி"யும் "காயாத கானகத்தே"யும் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கின்றன. இங்கேதான் வரலாறு திரும்புகிறது என்று நினைக்கிறேன். இசைத்தட்டு வந்தபின் கிட்டப்பாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர் அவருக்கு ரசிகராக முடிந்தது. குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் இசைத்தட்டைப் பார்த்து "ஒன்ஸ் மோர்" என்று கத்தினால் ஊசியை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும். கலைஞர் கிட்டே வந்ததும் தூரப் போனதும் ஒரே சமயத்தில் நடந்தது.

அடுத்து ஒரு விசித்திரப் பிரபலம்

கிட்டப்பா பாட்டால் பிரபலம். எம்.ஜி.ஆர். நடிப்பால் பிரபலம். ரசிப்பதாலேயே ஒருவர் பிரபலமாக முடியுமா? தென்காசிக்காரர் ஒருவரால் முடிந்தது. அவர்தான் ரசிகமணி டி.கே.சி. என்கிற டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882 - 1954).

சட்டம் படித்தவர், வக்கீல் தொழிலில் ஒட்டவில்லை. சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தில் ஆணையர். இந்தப் பதவிகளுக்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து, நிறுத்தி, திருப்பிச் சொல்லி, எங்கே சுவை இருக்கிறது என்று காட்டுவாரே, அதற்காகத்தான் நினைக்கிறார்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடிப் பேசிய இடத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். மேடை இல்லை, தலைவர் இல்லை, மாலை மரியாதை இல்லை. வட்டமாக உட்கார்ந்து பாட்டைப் பேசுவார்கள். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்! அங்கே உட்கார்ந்தவர்களில் பின்னாளில் கலெக்டரான தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் உண்டு, உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ்.மகராஜன் உண்டு, எழுத்தாளர் மீ.ப.சோமு உண்டு.

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்துக்கே குடிவந்துவிட்டார். ஜூன் பிறந்து சாரல் தொடங்கினால் அவர் வீட்டில் விருந்தாளிகளும் தொடங்கிவிடுவார்கள். ராஜாஜி வருவார். கல்கி வருவார். அருவியில் குளியல், பிறகு சாப்பாடு, பிறகு கம்பன். ராஜாஜியும் கல்கியும் அன்றைய தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய பெயர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய மனிதர் வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அடுத்த இரண்டு பெயர்கள் முக்கியம்.

கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்று ஒரு கிராமம். அங்கே இரண்டு இளைஞர்கள். இரண்டு பேருமே 1923இல் பிறந்தவர்கள். ஒருவர் பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்காத விவசாயி. இன்னொருவர் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த பையன். கையில் பதவி இல்லை, பணம் இல்லை. டி.கே.சி.யைத் தேடி இவர்களும் போனார்கள். அவரும் இவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசினார். அந்த விவசாயிதான் கி.ராஜநாராயணன். இன்னொருவர் கு.அழகிரிசாமி. பிற்பாடு இருவருமே சாகித்ய அகாதமி விருது பெற்றார்கள். 1970க்கான விருது அழகிரிசாமி இறந்தபின் வந்தது, கி.ரா.வுக்கு 1991இல். கி.ரா. 2021இல் இறக்கும்வரை ரசிகமணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு திறந்த கதவு எத்தனை வருடம் பேசப்படுகிறது பாருங்கள்!

நேரில் வர முடியாதவர்களுக்குக் கடிதம். டி.கே.சி. ஏராளமாகக் கடிதம் எழுதியவர். நண்பர்கள் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்ததால், பின்னால் அவை புத்தகமாகவும் வந்தன.

கவிமணி கதை இன்னும் ஒரு படி மேலே. நாஞ்சில் நாட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருந்த தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டுகளை, போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர் டி.கே.சி. இங்கே அவர்தான் ரசிகர், கவிமணிதான் நட்சத்திரம். டி.கே.சி.யின் மகன் இளம் வயதில் இறந்தபோது கவிமணி இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். ரசிகனின் துக்கத்துக்குக் கவிஞன் எழுதிய பாட்டு! இதை ஆட்டோகிராப்போடு ஒப்பிட முடியுமா?

ரசிகர் என்ற சொல்

இதைப் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ரசிகர் என்றால் ரசத்தை, அதாவது சுவையை, உணர்பவர். பாட்டில் ஒரு சுவை இருக்கிறது, அதை அனுபவிப்பவர் ரசிகர். டி.கே.சி.க்கு ரசிகமணி என்ற பெயர் வந்தது இந்த அர்த்தத்தில்தான்.

1950களுக்குப் பிறகு ரசிகர் மன்றங்கள் பெருகப் பெருக, அதே சொல்லுக்கு அர்த்தம் நகர்ந்துவிட்டது. இப்போது ரசிகர் என்றால் ஒரு ஆளுக்கு ரசிகர். "நீ யாருக்கு ரசிகன்?" என்று கேட்கிறோம். "நீ எதை ரசிக்கிறாய்?" என்று கேட்பதில்லை.

குற்றாலத்து வீட்டில் ராஜாஜியும் இடைசெவல் விவசாயியும் வந்து உட்கார முடிந்த ரகசியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே யாரும் டி.கே.சி.யின் முகத்தைப் பார்க்க மட்டும் போகவில்லை. போனவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தார்கள். அதுதான் பாட்டு. பாட்டுக்கு முன்னால் இரண்டு பேருமே ரசிகர்கள். நாங்கள் ஐந்தருவியில் ஆறு மணி நேரம் நின்றோமே, அந்த நடிகரிடம் பேச வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்போம்? நேர்மையாகச் சொன்னால், "சார், ஒரு போட்டோ." அவ்வளவுதான்.

எல்லாம் பொற்காலம் இல்லை

பழசு எல்லாம் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. வட்டத்தொட்டியைப் பற்றிப் படிக்கும்போது நமக்குக் கிடைக்கும் பெயர்களில் பெரும்பாலும் படித்த ஆண்கள்தான். சீசன் முழுக்க விருந்து வைக்க வசதியும் வேண்டும். அந்த விருந்தைச் சமைக்க அடுப்படியில் நின்றவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. டி.கே.சி.யும் எல்லோருக்கும் இனிப்பாக இருந்தவர் அல்ல. கம்பன் பாட்டில் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களைத் திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தார்கள்.

எண்ணிக்கையையும் மறக்கக் கூடாது. ஒரு கூடத்தில் இருபது பேரை உட்கார வைக்கலாம். இருபதாயிரம் பேரை? வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். கத்திய கத்தலில், பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. மறு வருடம் ஆகஸ்ட் 29 அன்று சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோடு ஊர் ஊராகப் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குத் தலைக்கனம் என்று சொல்வது சுலபம். ஆனால் பாட்டே கேட்காத இடத்தில் பாடகருக்கு என்ன வேலை?

நம் பக்கத்தில் நடந்தது இன்னும் வேதனை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் ஐ.பி.எல். கோப்பையை வென்ற அணியைப் பார்க்கத் திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்தபோது ஐந்தருவியில் எங்களுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டம் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. என் நண்பன் விழுந்தது சேற்றில். பாறையில் விழுந்திருந்தால்?

அதனால் இன்றைய நட்சத்திரம் கதவைத் திறந்து வைக்கவில்லை என்று மட்டும் குறை சொல்ல மாட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே வருவது ஒரு ஆள் அல்ல, ஊர். கிட்டப்பாவுக்குக் கொட்டகையின் சுவர் ஒரு கணக்கு வைத்தது. டி.கே.சி.க்கு வீட்டுத் திண்ணை ஒரு கணக்கு வைத்தது. இன்றைக்கு அந்தக் கணக்கை வைக்க எந்தச் சுவரும் இல்லை.

ஆனால் நம் பக்கத்துக் கதவு ஒன்று இருக்கிறது, அது நம் கையில்தான். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதோடு, எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றும் யோசிக்கலாம். தமிழ்நாட்டில் நல்ல எழுத்தாளர்கள், நாதஸ்வரக்காரர்கள், தோல்பாவைக் கூத்துக்காரர்கள் எத்தனையோ பேர் இன்றைக்கும் கயிறு கட்டாமல், தடியர் வைக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் ஒன்றையாவது ரசித்துவிட்டுப் போனால் உட்காரச் சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தருவிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். குற்றாலத்தில் ரசிகமணிக்கு நினைவிடம் இருக்கிறது என்பது இதை எழுத உட்காரும்வரை எனக்குத் தெரியாது. அடுத்த சாரலுக்கு அங்கே போவதாகத் திட்டம். அதே நாலு பேர்தான். ஆனால் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை!