சங்கும் களத்துக் காற்றும்: இங்கிலீஷ் பழமொழிகள் பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்பது தலைப்பு. நானும் ஸ்லைடு போட்டேன். 'டைம் இஸ் மணி', 'எர்லி பேர்ட்', 'மேக் ஹே', 'ஸ்டிச் இன் டைம்'. எல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவைதான். கடைசி வரிசையில் இருந்த ஒரு பொண்ணு, "டைம் மணின்னா அது யாரோட மணிங்க சார்?" என்று கேட்டது. சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டமாக டைம்ஷீட் நிரப்புகிறோம், அந்த மணிக்கணக்குத்தான் வாடிக்கையாளருக்கு பில்லாகப் போகிறது. அதனால் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பழமொழிகளுக்கு வயசு என்ன என்று தேட ஆரம்பித்தேன்.

ஜான் ஹேவுட் என்பவர் 1546-ல் லண்டனில் இங்கிலீஷ் பழமொழிகளைச் செய்யுளாகக் கோர்த்து ஒரு புத்தகம் போட்டார். வெயில் இருக்கும்போதே வைக்கோலைக் காய வை, இரும்பு சூடாக இருக்கும்போதே அடி, அவசரப்பட்டால் சேதாரம், ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்படவில்லை. எல்லாம் அதில் இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், இவற்றில் எங்கேயும் கடிகாரம் கிடையாது. வெயில், உலை, கட்டுமானம் என்று பொருள்தான் பேசுகிறது. பொருளுக்கு ஒரு பதம் உண்டு, அதைப் பார்த்துக் கை வை என்கிற புத்தி.

'டைம் இஸ் மணி' வேறு ஜாதி. அதை ஊரெல்லாம் பரப்பியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1748-ல் ஓர் இளம் வியாபாரிக்குச் சொல்லும் அறிவுரையாக எழுதியது. அதில் ஒரு கணக்கு வருகிறது. ஒருத்தன் நாளைக்குப் பத்து ஷில்லிங் சம்பாதிக்கக் கூடியவன். அரை நாள் சும்மா சுற்றி ஆறு பென்ஸ் செலவழித்தால், போனது ஆறு பென்ஸ் மட்டும் இல்லை, ஐந்து ஷில்லிங்கும் சேர்த்துப் போச்சு. கணக்கு சரிதான். ஆனால் எல்லா மணி நேரமும் ஒரே விலைக்கு விற்கும் என்றால்தான் சரி.

நம்ம ஊர் மானாவாரிக் காட்டில் அது விற்காது. பல்லடம் பக்கம் எங்க அம்மாயி வீட்டில் சோளமும் கடலையும் போடுவார்கள். மழைக்கு முன்னால் பத்து நாள் திண்ணையில் படுத்துக் கிடந்தாலும் ஒன்றும் நட்டமில்லை. மழை பெய்து ஈரம் இறங்கிய பிறகு ரெண்டு நாள் விட்டால் ஒரு வெள்ளாமையே போகும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதில் இருக்கும் 'தேடி' என்கிற சொல்லை நான் நாற்பது வயசில்தான் கவனித்தேன். பட்டம் காலண்டரில் வராது, வானத்தையும் மண்ணையும் பார்த்துத் தேட வேண்டும். விடியக் கருக்கலில் கவலை ஓட்டியதும் சுறுசுறுப்புக்குப் பேர் வாங்க இல்லை. வெயில் ஏறினால் மாடு இழுக்காது. மத்தியானம் மாட்டுக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. எர்லி பேர்ட் ஸ்லைடு போட்டவன் அந்த மத்தியானத் தூக்கத்தையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்.

'மேக் ஹே'வுக்கு நேர் ஜோடி 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1842-ல் தமிழ்ப் பழமொழித் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். 1874-ல் சென்னையில் அதை ஆறாயிரத்துக்கும் மேலாகப் பெருக்கினார். இப்படி ரெண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஹேவுட் காலத்து விவசாயியும் நம்ம ஊர் விவசாயியும் பங்காளிகள் மாதிரி தெரிகிறார்கள். களத்தில் காற்று நின்றுவிட்டால் அம்மாயி முறத்தைக் கீழே வைத்துவிடும். "சித்த உக்காரு கண்ணு, வரும்" என்று சொல்லும். இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொன்னதில்லை.

பிராங்க்ளின் கணக்கு கோயமுத்தூருக்கு மில் வழியாக வந்தது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் முதலாவது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக மில்கள் எழுந்தன. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காட்டு வேலை பார்த்த சனம்தான் உள்ளே போனது. மில் சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம். ஜவுளி மில்லில் ஆண்களுக்கு நாளைக்கு 12 மணி நேரம் என்ற வரம்பே 1911 சட்டத்தில்தான் வந்தது. 1922-ல் வாரம் 60 மணி, 1934-ல் 54, 1946-ல் 48. அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியைத்தான் இந்த ஆண்டுகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன என்று இப்போது தோன்றுகிறது. இங்கிலாந்தில் நடந்த இதே மாற்றத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் ஈ.பி.தாம்சன் 1967-ல் எழுதிய கட்டுரை பிரபலமானது. வேலையைப் பார்த்து நேரம் ஓடிய காலம் போய், நேரத்தைப் பார்த்து வேலை ஓடிய காலம் வந்ததை விவரிக்கிறார்.

ஆனால் மில்லை வில்லனாக்கவும் எனக்கு மனசு வரவில்லை. எங்க அப்பாரு ஐம்பதுகளில் காட்டை விட்டு மில்லுக்குப் போனவர். ரிங் ஃப்ரேமில் சைடு பார்த்தார். ஓர் இழை அறுந்தால் உடனே போய் முடிய வேண்டும். விட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் அறுக்கும். ஒரு நிமிஷ வேலை கால் மணி நேர வேலையாகிவிடும். 1732-ல் தாமஸ் ஃபுல்லரின் தொகுப்பில் வந்த 'ஸ்டிச் இன் டைம்' பழமொழிக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை. ஒரு பக்(bug) வந்த அன்றே திருத்தாமல் மூன்று ரிலீஸ் தள்ளிப் போட்டு நான் பட்ட பாடும் இதேதான். மில்லுக்குள்ளும் பதம் பார்க்கிற புத்தி வேலை செய்தது. கூலி மட்டும் சங்குக் கணக்கில் வந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் அந்தக் கூலி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்க அப்பா படித்தது அதில்தான்.

தமிழில் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் 'காலம் பொன் போன்றது' என்று எழுதினோம். இது பிராங்க்ளினின் தமிழ் வடிவம் என்பது என் ஊகம். மணி பொன்னானதில் ஷில்லிங் கணக்கு மறைந்து மரியாதை மட்டும் மிச்சமாகிவிட்டது.

அடுத்த மாசம் இன்னொரு பேட்ச் வருகிறது. 'டைம் இஸ் மணி' ஸ்லைடை எடுக்கவில்லை. கீழே 1748 என்று வருஷத்தையும் பத்து ஷில்லிங் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த ஸ்லைடில் அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது.