விடுமுறையில் திறந்த பள்ளிகள்: மிசிசிப்பி, 1964



நீண்ட விடுமுறை வந்தால் நம் பக்கத்தில் என்ன நடக்கும்? டியூஷன் நிலையங்களில் புதிய அட்டவணை ஒட்டுவார்கள். வசதியுள்ள பிள்ளைகள் பயணம் போவார்கள். சில பள்ளிகளில் மூன்று நாள் முகாம் நடக்கும். மற்ற பிள்ளைகள்? பள்ளி திறந்த முதல் நாளில் கேட்டுப் பாருங்கள். "வீட்டுலதான் சார் இருந்தேன்" என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் என்ன கொடுக்கலாம்? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு துணிச்சலான விடை இருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். வெள்ளையர் பள்ளி, கறுப்பினத்தவர் பள்ளி என்று பிரித்து வைப்பது சட்டத்துக்கு முரணானது என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பத்தாண்டு ஆகியும் மிசிசிப்பியில் அந்தப் பிரிவினை அப்படியே இருந்தது. ஒரு வெள்ளை மாணவருக்கு மாநிலம் செலவிட்ட தொகை, ஒரு கறுப்பின மாணவருக்குச் செலவிட்டதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பருத்தி விளையும் டெல்டா பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளித் தவணையே பருத்தி வேலைக்கு ஏற்ப அமைந்தது. பருத்தி எடுக்கும் காலம் வந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளை வயலில் நிற்கும். விடியற்காலையில் அம்மாவோடு போய் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அந்தப் பள்ளிகளில் இன்னொரு குறையும் இருந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்கக்கூடாது. நம் தெருவுக்கு ஏன் தார்ச்சாலை இல்லை, அப்பா ஏன் ஓட்டுப் போட முடியவில்லை என்று வகுப்பில் கேட்டால் ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து. சார்லி காப் என்ற இளைஞர் இதைக் கவனித்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், குடியுரிமை இயக்கத்தின் களப்பணியாளர். 1963 டிசம்பரில் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அடுத்த கோடை விடுமுறைக்கு வடமாநிலங்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் வாக்காளர் பதிவுக்காக வரப்போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வைத்துப் பள்ளி நடத்தலாமே என்றார். அப்படிப் பிறந்தவைதான் சுதந்திரப் பள்ளிகள்.

இந்தத் தன்னார்வலர்கள் சம்பளத்துக்கு வரவில்லை. கைதானால் பிணைக்குக் கட்ட 500 டாலர் கையோடு கொண்டு வரவேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 1964 ஜூன் மாதம் ஒஹாயோவில் பயிற்சி நடந்தது. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு செய்தி வந்தது. ஜூன் 21-ஆம் தேதி ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் மிசிசிப்பியில் காணாமல் போய்விட்டார்கள். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்த்துவரப் போனவர்கள் அவர்கள். சுதந்திரப் பள்ளி நடத்த ஷ்வெர்னரும் சேனியும் முன்பு பேசிப் பார்த்திருந்த தேவாலயம் அது. ஒரு விடுமுறைப் பள்ளிக்கு இடம் கொடுப்பதே அங்கே அவ்வளவு பெரிய குற்றமாக இருந்தது. ஆகஸ்டு 4-ஆம் தேதி மூவரின் உடல்களும் ஒரு மண் அணைக்கட்டுக்குள் கிடைத்தன.

செய்தியைக் கேட்ட பிறகும் பயிற்சியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பவில்லை. மிசிசிப்பிக்கே போனார்கள்.

ஜூலையில் வகுப்புகள் தொடங்கின. ஏறத்தாழ 40 இடங்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளம், வீட்டு முற்றம், மரத்தடி என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பறை. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கென்று போட்ட திட்டத்துக்குச் சிறு பிள்ளைகளும் வந்தார்கள், தாத்தா பாட்டிகளும் வந்தார்கள். கறுப்பின மக்களின் வரலாறு, குடியுரிமை, பிரெஞ்சு மொழி, தட்டச்சு, நாடகம் எல்லாம் இருந்தன. மாணவர்களே செய்தித்தாள் எழுதி, சைக்ளோஸ்டைல் போட்டு ஊருக்குள் கொடுத்தார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பாடத்திட்டத்தின் முதுகெலும்பே கேள்விகள்தாம். நாம் ஏன் இங்கே கூடியிருக்கிறோம்? மற்றவரிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம்? நம்மிடம் இருப்பதில் எதை விடாமல் காப்பாற்ற வேண்டும்? ஆசிரியரிடம் இவற்றுக்கு விடைத்தாள் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்துதான் யோசிக்க வேண்டும்.

இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

மெக்கோம் என்ற ஊரில் தன்னார்வலர்கள் தங்கிய வீட்டில் குண்டு வெடித்தது. ஊர்ப் பெரியவர்கள் பயந்து, பள்ளிக்கு இடம் தரத் தயங்கினார்கள். 16 வயது மாணவி ஒருத்தி அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். அது பெரியவர்களின் மனத்தைத் தைத்தது. தேவாலயக் கதவு திறந்தது.

மெரிடியன் நகரில் ஆகஸ்டு 6 முதல் 8 வரை பல ஊர்களின் மாணவப் பிரதிநிதிகள் மாநாடு கூடினார்கள். வீட்டு வசதி, வேலை, பள்ளி, மருத்துவம் என்று ஒவ்வொன்றாக விவாதித்துக் கோரிக்கைகளை எழுதினார்கள். அதே நாட்களில், அதே நகரில்தான் ஜேம்ஸ் சேனியின் இறுதிச் சடங்கும் நடந்தது.

ஹாட்டிஸ்பர்க் நகரில் ஆகஸ்டு 14-ஆம் தேதி ஆறு மாணவர்கள் தங்கள் ஆசிரியை சாண்ட்ரா அடிக்ஸோடு பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இந்த ஆசிரியை நியூயார்க்கிலிருந்து வந்தவர். அட்டை கொடுக்கவில்லை. நூலகத்தையே மூடிவிட்டார்கள். ஆறு பிள்ளைகள் புத்தகம் கேட்டதற்கு ஒரு நகரமே கதவைச் சாத்துகிறது என்றால், யார் யாருக்குப் பயந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கோடையில் ஏறக்குறைய 17,000 பேர் வாக்காளராகப் பதிய முயன்றார்கள். சுமார் 1,600 பேரைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். விடுமுறை முடிந்ததும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குத் திரும்பினார்கள், பல பள்ளிகள் நின்றுபோயின. வெளியிலிருந்து வருபவரை மட்டும் நம்பி நடத்தும் எந்த முகாமுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. ஆனால் 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1995-இல் மேரியன் ரைட் எடெல்மனின் அமைப்பு அதே சுதந்திரப் பள்ளி என்ற பெயரில் கோடை வகுப்புகளைத் தொடங்கியது. அவை இன்றும் நடக்கின்றன.

மாணவர்களே, வரலாற்றுத் தாளில் இதுபோன்ற நிகழ்வை எழுதும்போது காரணம், நிகழ்வு, விளைவு என்று பிரித்து எழுதுங்கள். தோல்வியையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

ஆசிரியர்களே, அடுத்த விடுமுறை முகாமுக்கு அட்டவணை போடும்போது பயிற்சித் தாளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் காலியாக விடுங்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "உங்க வீட்டுப் பக்கம் எது மாறணும்? ஏன் இன்னும் மாறல?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள்.