ஊட்சு எஃகும் அதன் பகுப்பாய்வும்

ஊட்சு என்பது தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் உருக்கிச் செய்த, கார்பன் மிகுந்த எஃகு. தமிழின் 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' ஆகிய சொற்களில் ஒன்றே ஐரோப்பியரிடம் இவ்வாறு திரிந்தது என்பர். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மூசை உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்தன. புதுச்சேரிக்கு மேற்கே, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து 1990களில் வெளியிட்டார். மூலக்குளத்தில் இருக்கும் எனக்கு, இது ஒரு நாளில் போய்வரக்கூடிய ஊர்!

செய்முறை எளிமையாகத் தோன்றும். தேனிரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்கட்டையோடு மண் மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்துத் துருத்தி ஊதிச் சுடுவார்கள். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வேண்டும். கரி உலையில் அந்த வெப்பத்தை எட்டுவது அரிது. ஆனால் அடைபட்ட மூசைக்குள் கட்டையின் கார்பன் இரும்பில் ஏற ஏற, அதன் உருகுநிலை இறங்கும். இறுதியில் கிடைக்கும் கட்டியில் கார்பன் பெரும்பாலும் 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்கும். தேனிரும்பில் அது மிகக் குறைவு. வார்ப்பிரும்பில் இதைவிட அதிகம்.

இந்த எஃகின் கூர்மைக்கும், அமிலம் பட்டால் வாளில் தெரியும் அலைவரிகளுக்கும் காரணம் என்ன? 1795இல் இலண்டனில் ஜார்ஜ் பியர்சன் ஊட்சைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அடுத்து மைக்கேல் ஃபாரடே. இவர் ஒரு கொல்லரின் மகன் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். 1819இல் ஊட்சைப் பகுத்து, அதில் அலுமினாவும் சிலிக்காவும் இருப்பதாகக் கூறி, சிறப்புக்கு அவற்றையே காரணமாக்கினார். அது பிழை. ஆனால் பயனுள்ள பிழை: அதன் தொடர்ச்சியாக, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகில் பிளாட்டினம், ரோடியம், வெள்ளி முதலியவற்றைக் கலந்து பார்த்தார். உலோகக்கலவை எஃகு பற்றிய முறையான ஆய்வுகளில் இது முன்னோடி.

சரியான விடையை நெருங்கியவர் பாரிஸ் நாணயச்சாலையைச் சேர்ந்த ழான் ரோபேர் பிரெயான். 1820களின் தொடக்கத்தில், மிகுதியான கார்பனும் மெதுவாக ஆறுதலுமே வரிகளைத் தருகின்றன என்றார். இன்றைய விளக்கமும் இதுதான்: ஏறத்தாழ 0.8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கார்பன், ஆறும்போது சிமென்டைட் என்னும் கடினச் சேர்மமாகப் பிரிந்து நிற்கும். பட்டறையில் அது வரிசைப்பட்டு வெளிர் வரியாகத் தெரியும். எனினும் ஃபாரடேயின் திசை முற்றிலும் வீணில்லை. ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் 1990களில் செய்த சோதனைகள், வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணளவில் இருப்பதே சிமென்டைட்டை வரிசைப்படுத்துகிறது என்று காட்டின. வேறு தாது, வேறு வரி.

ஐரோப்பிய ஆய்வறிக்கைகளில் வேதியியலாளர் பெயர்கள் உண்டு. அந்தக் கட்டிகளை வார்த்த கொல்லர் ஒருவரின் பெயரும் இல்லை. சேலம் வட்டாரத்தில் ஊட்சு செய்யும் முறையைப் பதிவு செய்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பெனி அதிகாரி, 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறை இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே போனது. உருக்க வேண்டியது காட்டு மரக்கரியால். ஆலை பலமுறை நொடித்து, அந்த நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். செஃபீல்டு ஆலைகள் அதனால் பெரும் இலாபம் கண்டன. அவருக்குக் கிடைத்தவை வழக்குகளே.