உயிரணுவின் வாயிலும் உப்புச் சர்க்கரை நீரும்

வாந்திபேதி என்னும் காலரா நோய் கண்டவர் மாள்வது, கிருமி உடலை அரித்துத் தின்பதால் அன்று. உடலிலுள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்திற்குள் வடிந்துபோவதால்தான். 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இந்நோய் தோன்றியபோது, ஓஷானசி என்னும் இளம் ஐரிஷ் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து இவ்வுண்மையைக் கண்டார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்பவர் நாளத்தின் வழியே உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார்.

ஆயினும் நாளத்தில் நீர் செலுத்துவதற்குத் தூய்மையான மருந்துநீரும் தேர்ந்த கைகளும் வேண்டும். ஏழைகள் வாழும் சிற்றூர்களில் இவற்றுக்கு எங்கே போவது? வாயால் குடிக்கக் கொடுக்கலாம் என்றாலோ, வெறும் உப்புநீர் குடலில் தங்காது வெளியேறிவிடும். காரணம் யாது? விடை உயிரணுவின் சுவரில் இருந்தது.

குடலின் உட்புறத்தை ஓரடுக்கு உயிரணுக்கள் மூடியுள்ளன. அவை ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. உப்பும் சர்க்கரையும் அதனை எளிதில் கடக்கமாட்டா. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாயில்கள் உண்டு. உப்பு எத்திசையில் செல்கிறதோ அத்திசையில் தண்ணீரும் பின்செல்லும். 1959ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் அறிஞர், காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே பேதியை உண்டாக்குகிறது என்பதை முயலின் குடலில் நிறுவிக் காட்டினார். உப்பை வெளியே விடும் வாயிலை அந்நஞ்சு திறந்தபடியே வைத்துவிடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1960ஆம் ஆண்டில் பிராக் நகரில் கூடிய அறிஞர் அவையில், அமெரிக்கரான ராபர்ட் கிரேன் ஒரு புதுக் கருத்தை முன்வைத்தார். உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் ஒரே வாயிலில் இணைந்தே உயிரணுவுக்குள் நுழைகின்றன என்பதே அது. உயிரணு தன்னுள் புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஆதலால் உள்ளே சோடியம் குறைவு, வெளியே மிகுதி. மேட்டுநீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோல் சோடியம் உள்ளே பாயும்போது சர்க்கரையையும் உடன் இழுத்துச் செல்கிறது. காலரா நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை. எனவே உப்புநீரில் சர்க்கரையையும் சேர்த்தால் உப்பு உட்புகும், நீரும் தொடரும்.

1968ஆம் ஆண்டில் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் மருத்துவர் இருவர் இத்தகைய கரைசலை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தனர். நாளத்தின் வழியே செலுத்த வேண்டிய நீர் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

பெருஞ்சோதனை 1971ஆம் ஆண்டில் வந்தது. வங்கதேசப் போரின்போது பன்காவ் என்னும் எல்லையூரில் அகதிகள் காலராவால் மடிந்தனர், மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் எனக் கலந்து பீப்பாய்களில் வைத்தார். உறவினரே குவளை குவளையாக முகந்து ஊட்டினர். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 3.6 ஆகத் தாழ்ந்தது.

இதில் அளவே உயிர்நாடி. சர்க்கரை மிகுந்தால் அது உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும். உலகச் சுகாதார நிறுவனமும் 2002ஆம் ஆண்டில் உப்பு, சர்க்கரை இரண்டின் அளவையும் குறைத்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு வாயிலின் இயல்பை அறிந்ததனால், ஒரு தாயின் கைக்குவளையே மருந்துச்சாலை ஆயிற்று.