இசை நின்ற இடத்தில் ஒரு கட்டடம்

கட்டடக்கலையை உறைந்த இசை என வர்ணிப்பது ஐரோப்பியரிடையே நெடுநாளைய வழக்கம். பேர்லின் யூத நூதனசாலையைப் பற்றி அறிய அறிய, அவ்வர்ணனை எனக்குப் போதாததாகவே படுகிறது. அக்கட்டடம் ஓர் இசை நாடகம் நின்றுபோன இடத்திலிருந்து தொடங்குகிறது.

ஆர்னோல்ட் ஷோன்பேர்க் 1930-1932 காலப்பகுதியில் ‘மோசேயும் ஆரோனும்’ என்ற இசை நாடகத்தின் முதலிரு அங்கங்களை இயற்றினார். நாமறிந்த மூஸா நபியும் ஹாரூன் நபியுமே அதன் நாயகர்கள். தன் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா நபி இறைஞ்சியதைத் திருமறையில் ஓதியவர்களுக்கு ஷோன்பேர்க்கின் உத்தி எளிதில் விளங்கும். அவரது நாடகத்தில் ஹாரூன் பாடுகிறார். மூஸாவோ பெரும்பாலும் பேசுகிறார். சொல் கிட்டாத மூஸாவின் தவிப்போடு இரண்டாம் அங்கம் முடிகிறது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், பேர்லினில் இசை கற்பித்துவந்த யூதரான ஷோன்பேர்க் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1951இல் அவர் இறக்கும்வரை மூன்றாம் அங்கத்தின் வசனத்திற்கு இசை வந்து சேரவில்லை.

டானியல் லிபஸ்கின்ட் 1946இல் போலந்தின் லொட்ஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அக்கோடியன் வாசித்தவர். நூதனசாலைக்கான போட்டியில் 1989இல் தெரிவான அவரது திட்டத்தின் பெயர் ‘கோடுகளுக்கிடையே’. எழுதப்படாத மூன்றாம் அங்கத்தைக் கட்டடத்தால் நிறைவுசெய்வது அவரது எண்ணங்களுள் ஒன்று. ஜேர்மனியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட யூதரின் பெயர்கள் அடங்கிய நினைவேட்டையும் அவர் வரவழைத்துக்கொண்டார்.

நின்றுபோன இசையையும் பெயர்ப்பட்டியலையும் எப்படிக் கட்டுவது? அவர் இரண்டு கோடுகளை வரைந்தார். ஒன்று நேரானது, ஆனால் துண்டுதுண்டானது. மற்றது வளைந்து நெளிந்து தொடர்வது. அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில், அடித்தளத்திலிருந்து கூரைவரை வெற்றிடங்களை விட்டார். அவற்றுட் பெரும்பாலானவற்றுள் எவரும் நுழைய முடியாது, எட்டிப்பார்க்கலாம், அவ்வளவுதான். புதிய கட்டடத்திற்குத் தனி வாசலும் இல்லை. 1735இல் எழுந்த பழைய கட்டடத்தினுள் புகுந்து, நிலத்தடியால் செல்ல வேண்டும். 1999இல் வேலை முடிந்து, 2001 செப்டெம்பரில் காட்சிகளோடு திறக்கப்படுமுன்னரே சுமார் மூன்றரை இலட்சம் பேர் அந்த வெறுங்கட்டடத்தைப் பார்த்துச் சென்றிருந்தனர். இல்லாமற்போனவர்களைப் பற்றி வெறுமையே பேசியிருக்கிறது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

பலஸ்தீனத்தின் துயரை நெஞ்சில் சுமக்கும் நாம் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு சமூகத்தின் இழப்பை அறிவதால் இன்னொன்றின் இழப்பு சிறுத்துவிடாது என்பதே என் பதில். அவ்வெற்றிடங்களுள் ஒன்றில் இஸ்ரேலியச் சிற்பி மெனாஷே கதிஷ்மன் வாய்பிளந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான இரும்பு முகங்களைப் பரப்பினார். யூதருக்கு மட்டுமன்றி, போராலும் வன்முறையாலும் மாண்ட அனைவருக்குமாக அதை அவர் காணிக்கையாக்கினார். அம்முகங்களின்மீது கால் வைத்து நடப்பவர்களுக்கு இரும்போடு இரும்பு மோதும் ஓசை கேட்கும். ஷோன்பேர்க் எழுதாமல் விட்ட அங்கத்திற்கு அங்கே கிடைக்கும் ஒலி அதுவே. அதை எழுப்புவது, கடந்து செல்லும் நம் காலடிகள்.